கோட்டுக்காரர் நடிக்காத காட்சி

கண்ணாடிக்காரருக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான். அந்த எதிரியை அவர் நேரில் பார்த்ததுகூடக் கிடையாது. பங்காளித் தகராறு இல்லை, கொடுக்கல் வாங்கல் இல்லை, பஸ்ஸில் காலை மிதித்த கதைகூட இல்லை. ஆனாலும் அந்த ஆளுடைய முகத்தை எங்கேயாவது பார்த்துவிட்டால் போதும், இவருக்கு வயிறு பற்றி எரியும். அந்த ஆள் ஒரு பழைய டி.வி. நடிகர். இவருடைய சம்சாரத்துக்கு அவரைப் பிடிக்கும். விஷயம் அவ்வளவுதான்.

நடிகருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதை யாரும் சொல்வதில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால், வாரம் ஒரு நாள் சாயங்காலம் வந்துகொண்டிருந்த 'மழைக்கோட்டு' என்ற தொடரில் அவர் சர்வேயராக நடித்தார். கொளுத்துகிற வெயிலிலும் மழைக்கோட்டைக் கழற்ற மாட்டார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை மனசுக்குள் வைத்துப் பூட்டியிருப்பார், வாயைத் திறந்து சொல்ல மாட்டார். அதனால் எல்லாருக்கும் அவர் கோட்டுக்காரர் ஆகிப்போனார். கோட்டை ஏன் கழற்ற மாட்டார் என்பதற்குத் தொடரில் காரணமே சொல்லவில்லை. உள்ளே போட்டிருந்த சட்டை கிழிசல், அதனால்தான் என்பது கண்ணாடிக்காரரின் கருத்து.

கருத்துக்கு அவரிடம் என்றைக்குமே பஞ்சம் இல்லை. அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்பக்கம், லென்ஸின் ஓரத்தைத் தேய்க்கிற மெஷின் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு கிர்ரென்று சுற்றும். அந்தச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திக்கொண்டு அவர் பழைய படங்களையும் பழைய தொடர்களையும் பிரித்து மேய்வார். வாரம் ஒரு நாள் வந்தால் அது தொடர், தினமும் வந்தால் அது தொந்தரவு. கறுப்பு வெள்ளையில் அழுதால் அழுகை, கலரில் அழுதால் ஜலதோஷம். வில்லன் சண்டைக்குக் கூப்பிடுகிற கிடங்கில் எப்போதும் காலி அட்டைப்பெட்டியாகவே இருக்கிறதே, அந்தக் கம்பெனி எதை விற்றுத்தான் பிழைத்தது? இரட்டை வேடப் படத்தில் கன்னத்தில் ஒரு மருவை ஒட்டிக்கொண்டு வருகிறவனைப் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. "அந்தம்மாவ ஒரு நடை நம்ம கடைக்கு வரச் சொல்லுங்க, நிச்சயம் கண்ணுல சிலிண்டர் பவர் இருக்கும்" என்பார். பவர் பார்க்க வந்த ஆட்கள் எதிரே எழுத்துப் பலகையைப் படிப்பதை விட்டுவிட்டுச் சிரிப்பார்கள்.

இதெல்லாம் காற்றோடு போயிருக்க வேண்டியது. போகவில்லை, அவருக்கு ஒரு மச்சினன் இருந்தான். சம்சாரத்தின் தம்பி. மாடியில் குடை ஆன்டெனா மாட்டுகிற வேலை படுத்துப்போன பிறகு, 'பழைய ஆன்டெனா' என்ற பெயரில் வீடியோ சேனல் ஒன்றை ஆரம்பித்தான். பழைய படம், பழைய தொடர் பற்றிப் பேசுகிற சேனல். மழைக்கோட்டு ஓடிய காலத்தில் அவன் டவுசர் நழுவ நழுவத் திரிந்த பயல். பாதித் தொடரைத் தரையில் படுத்துத் தூங்கிக்கொண்டே பார்த்தவன். அவன்தான் இன்றைக்கு நிபுணர். கன்னத்து மரு, அம்மாவுக்குச் சிலிண்டர் பவர், காலி அட்டைப்பெட்டி எல்லாம் வார்த்தை பிசகாமல் அவன் வாயிலிருந்து வந்தன. ஊர் உலகமே பார்த்துச் சிரித்தது.

"மாப்ள, அது நான் சொன்னதில்ல?" என்று கண்ணாடிக்காரர் ஒருநாள் கேட்டே விட்டார்.

"கருத்துக்கு ஏது மாமா சொந்தக்காரன்? யார் வாயில நல்லா வருதோ அவங்களுது" என்றான் ஆன்டெனா.

அது சின்ன எரிச்சல். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளலாம். பெரிய எரிச்சல் கோட்டுக்காரர்தான். அது எங்கே ஆரம்பித்தது என்று சொன்னால், இவ்வளவு கெட்டிக்கார மனிதர் இப்படியா தனக்குத் தானே குழி வெட்டிக்கொள்வார் என்று கேட்பீர்கள். வெட்டிக்கொண்டார்.

அப்போது இதே கடை வேறு முதலாளியிடம் இருந்தது. இவர் பின்பக்கம் லென்ஸ் தேய்ப்பார். பின்னால் சம்சாரமாகப்போகிற அவள் முன்பக்கம் நின்று வருகிறவர்களுக்கு ஃபிரேம் எடுத்துக் காட்டுவாள். தொடர் வந்த மறுநாள் காலையில் கடை திறந்து, முதலாளி வருகிற வரைக்கும் இரண்டு பேரும் முந்தின நாள் கதையைப் பேசித் தீர்ப்பார்கள். அந்தப் பேச்சுக்காகத்தான் இவர் வாரம் முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பார். தொடர் முடியப்போகிறது என்று அறிவித்தபோது, எக்ஸ்சேஞ்சுப் பெண் என்ன ஆவாள் என்பதைவிடத் தன் காலைப் பேச்சு என்ன ஆகும் என்ற கவலைதான் இவருக்கு.

கடைசி வாரம் வந்தது. அன்றைக்கென்று அவளுடைய அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். அவள் ஆஸ்பத்திரியில் கூட இருக்க வேண்டும். "நீங்க பாத்து வைங்க. ஒரு வார்த்தை விடாம எனக்குச் சொல்லணும்" என்றாள். இவர் குளித்து முழுகிப் பரீட்சைக்குப் போகிறவர் மாதிரி டி.வி. முன்னால் போய் உட்கார்ந்தார். டைட்டில் பாட்டு முடிந்தது. தெரு முழுக்கக் கரண்ட் போயிற்று. திரும்பி வந்தபோது செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

காலையில் அவள் ராத்தூக்கம் கெட்ட கண்ணோடு நேரே ஆஸ்பத்திரியிலிருந்து கடைக்கு வந்தாள். பையைக்கூட வைக்கவில்லை. "சொல்லுங்க" என்றாள்.

'நானும் பார்க்கவில்லை' என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் எந்த ரசிகன் அந்த வார்த்தையைச் சொல்வான்? அதுவும் இரண்டு வருஷமாக ஒரு வாரம் விடாமல் பார்த்ததாகப் பீற்றிக்கொண்டவன்? அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இவர் வாயில் வந்ததைச் சொல்ல ஆரம்பித்தார்.

எக்ஸ்சேஞ்சில் அவளுக்கு அன்றைக்குக் கடைசி நாள், வேறு ஊருக்கு மாற்றல். காதில் ஹெட்போன், கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறாள். வெளியே பேய்மழை. கோட்டுக்காரன் படியேறி வருகிறான். இப்போதாவது பேசுவான் என்று நாம் நினைக்கிறோம். பேசவில்லை. இத்தனை வாரமும் கழற்றாத கோட்டைக் கழற்றி, அவள் நாற்காலியின் முதுகில் மாட்டிவிட்டு, வெறும் சட்டையோடு மழையில் இறங்கிப் போய்விடுகிறான். அவள் திரும்பிப் பார்க்கும்போது கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான், முடிந்தது.

அவள் ஃபிரேம் அலமாரிப் பக்கம் திரும்பி நின்று அழுதாள். இவருக்கு உள்ளங்கால் வரை சிலிர்த்தது. தான் சொன்ன ஒன்று அவளை அழவைத்துவிட்டதே என்ற கர்வம் தலைக்கு ஏறிற்று. ஆனால் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்ன முதல் வார்த்தை, "எப்பேர்ப்பட்ட மனுஷன் அவர்!"

அவர்! அன்றைக்குப் பிடித்தது சனி. சில மாதம் கழித்து இவர் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "என்னைக் கட்டிக்கிறியா?" என்று கேட்டார். யோசிக்க வேண்டும் என்றாள். யோசித்தாள், யோசித்தாள், நாலு வருஷம் யோசித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் சிரித்துக்கொண்டே காரணமும் சொன்னாள்: "அவர மாதிரி ஒருத்தர் வந்துடுவார்னு கொஞ்ச நாள் பாத்துட்டிருந்தேன். அப்புறம் நீங்களே பரவால்லன்னு தோணிச்சு." சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான். தான் பெற்ற பிள்ளையே தனக்குப் போட்டியாக வந்து நிற்கிறதே என்று வெளியே சொல்லி அழக்கூட முடியவில்லை.

எத்தனையோ தடவை உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். ஒருமுறை அவளை அழைத்துவர மழையில் குடையோடு ஓடினார். ஒரே குடை, அதை முழுக்க அவள் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்துகொண்டே வந்தார். பாதி வழியில் அவள் பெருமூச்சு விட்டு, "அவரா இருந்தா ஒண்ணும் சொல்லாம குடையைக் குடுத்துட்டுப் போயிருப்பார்" என்றாள். அப்போது போய், 'அவரும் நான்தான்' என்று எப்படிச் சொல்வது? சொன்னால் நம்ப மாட்டாள். நம்பினால் மன்னிக்க மாட்டாள். அதனால் அவர் சுலபமான வழியைப் பிடித்தார். மழைக்கோட்டு மாதிரி ஒரு மட்டமான தொடர் வந்ததே இல்லை என்று சொல்லத் தொடங்கினார். கதாநாயகனா அவன்? துணி மாட்டுகிற ஸ்டாண்டுக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்? ஸ்டாண்டாவது இடம் மாற்றி வைத்தால் நகரும். ஒருகாலத்தில் உயிராக நினைத்த தொடரையே இப்படி அவர் வாயால் வைதார். வைதுவிட்டு, யாரும் இல்லாத நேரத்தில் டைட்டில் பாட்டை முணுமுணுப்பார். ரசிகன் பிழைப்பு அப்படி.

போன வருஷம் ஆன்டெனா தன் அக்காவைச் சேனலுக்குக் கூப்பிட்டுப் பேசவைத்தான். 'என் மனதை விட்டுப் போகாத காட்சி' என்று தலைப்பு. அவள் நாணிக் கோணிக்கொண்டு, மழைக்கோட்டின் கடைசிக் காட்சியைச் சொன்னாள். இவர் அன்றைக்குச் சொன்னது அப்படியே, சொட்டுகிற தண்ணீர் வரைக்கும். சொல்லி முடித்துவிட்டுப் புடவைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். அந்த வீடியோ பிய்த்துக்கொண்டு போயிற்று.

கண்ணாடிக்காரர் கடையில் உட்கார்ந்து கீழே வந்த கமெண்டுகளைப் படித்தார். 'இந்தக் காட்சியை என்னால் மறக்கவே முடியாது, அன்று எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை' என்று ஒருவர். எதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடவில்லை? 'டைரக்டர் மேதை' என்று இன்னொருவர். 'கோட்டுக்காரர் கண்ணாலேயே நடித்திருப்பார்' என்று ஒரு அம்மாள். கண்ணாலா? அந்தக் காட்சியில் அவன் முகமே தெரியாதே, முதுகு மட்டும்தானே! யாரோ ஒரு மனிதர் மட்டும், 'அப்படி ஒரு காட்சி வந்த மாதிரி ஞாபகம் இல்லையே' என்று பயந்து பயந்து எழுதியிருந்தார். 'விளம்பரம் போட்டப்ப எழுந்து பாத்ரூம் போயிருப்பீங்க' என்று பத்துப் பேர் சேர்ந்து அவரை உட்காரவைத்துவிட்டார்கள். டேப்பைப் போட்டுப் பார்த்துவிடலாம் என்றால், ஒளிபரப்பியவர்கள் பழைய டேப்பின் மேலேயே புது நிகழ்ச்சிகளைப் பதிந்து எல்லாவற்றையும் என்றைக்கோ அழித்துவிட்டார்களாம். சாட்சி இல்லாத சொத்து. ஊரே கூடி அதைக் கோட்டுக்காரர் பேருக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டது.

அதோடு நின்றிருந்தால்கூட அவர் பாட்டுக்கு லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்திருப்பார். ஒருநாள் ஆன்டெனா போனில் கூப்பிட்டான்.

"மாமா, ஒரு சந்தோஷமான செய்தி. கோட்டுக்காரர் நம்ம சேனலுக்கு வர்றார். லைவ்! அக்காவும் கூட உக்காந்து பேசப்போறா. ஒரே ஒரு உதவி. அவர் கண்ணாடியில லைட் பட்டு கண்ணே தெரிய மாட்டேங்குது. கிளேர் அடிக்காத லென்ஸ் போட்டு ஒரு கண்ணாடி ரெடி பண்ணிக் குடுங்க. பவர் அனுப்பியிருக்கேன்."

"கடையில வேலை தலைக்கு மேல கிடக்கு" என்றார் இவர்.

"அக்கா ஏற்கெனவே சரின்னுட்டா மாமா."

அக்கா சரி சொன்னதோடு விடவில்லை. மறுநாள் தானே கடைக்கு வந்தாள். ஃபிரேம் அலமாரியைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, கோட்டுக்காரர் போட்டோவோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். "தங்கக் கலர் வேணாம், அவருக்கு எடுப்பா இருக்காது. மெல்லிசா, கறுப்பா... இது!" என்றாள். கண்ணாடிக்காரருடைய சொந்தக் கண்ணாடியின் இடது கை எப்போதோ உடைந்து, பசை வைத்து ஒட்டியிருந்தது. அதை அவள் ஒரு நாளும் கண்டுகொண்டதில்லை. அவர் வேண்டுமென்றே அதைக் கழற்றி அவள் முன்னால் துடைத்துக் காட்டினார். அவள் போட்டோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லென்ஸை மெஷினில் வைத்தபோது அவர் மனசில் சாத்தான் புகுந்தது. சிலிண்டர் பவருக்கு ஒரு கோணம் உண்டு. அதைக் கொஞ்சமே கொஞ்சம் திருப்பிவிட்டால் போதும், கோட்டுக்காரருக்குத் தரை மேடாகவும் மேடு பள்ளமாகவும் தெரியும். லைவில் தடுமாறி விழட்டுமே. கை குறுகுறுத்தது. ஆனால் தொழிலைக் கெடுக்க மனம் வரவில்லை. சரியாகவே வைத்தார், எரிச்சலோடு சரியாக வைத்தார்.

ஆன்டெனாவின் ஸ்டுடியோ ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. சுவர் முழுக்க ஸ்பாஞ்சு ஒட்டியிருந்தது. சத்தம் பதிந்துவிடும் என்று ஃபேனை நிறுத்திவிட்டதால் சாயங்கால வெக்கையில் எல்லாருக்கும் வேர்த்து ஊற்றியது. மூலையில் அழகுக்காக ஒரு பழைய மரப்பெட்டி டி.வி. சம்சாரம் விசேஷத்துக்கு மட்டும் கட்டுகிற நீலப் புடவையில் இருந்தாள். கண்ணாடிக்காரர் சின்ன ஸ்க்ரூடிரைவர், துணி சகிதம் கதவோரம் நின்றுகொண்டு, எதிரி வருகிற வழியைப் பார்த்தார்.

எதிரி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படிக்குப் படி நின்று நின்று ஏறி வந்தார். சுண்டிப்போன உடம்பு, தொளதொள சட்டை. தனியாகத்தான் வந்திருந்தார். இந்தக் கிழவனையா முப்பது வருஷமாகக் கரித்துக்கொட்டினேன் என்று இவருக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. நாற்காலியில் உட்காரவைத்துப் புதுக் கண்ணாடியை மாட்டி, மூக்கில் உட்காருகிற பட்டையை நெருக்கி, காதுக்குப் பின்னால் வளைவைச் சரிசெய்தார். எதிரியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத் தெரியுது தம்பி. முன்னாடி போட்டவர் குத்துற மாதிரி போட்டுட்டார். உங்களுக்குக் கை நல்ல கை" என்றார் பெரியவர். கண்ணாடிக்காரருக்கு மனசு ஒரு நிமிஷம் இளகிற்று. அந்த நேரம் பார்த்துச் சம்சாரம் வந்து கைகூப்ப, கிழவர் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உங்களாலதாம்மா என்னை மறுபடி நாலு பேர் தேடி வர்றாங்க" என்றார். பிடித்த கையை விடவில்லை. இளகின மனசு திரும்பவும் இறுகிக்கொண்டது.

லைவ் ஆரம்பித்தது. கண்ணாடிக்காரர் லைட் ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்றார். ஆன்டெனா சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, கடைசியில் அந்தக் காட்சிக்கு வந்தான். "எல்லாரும் கேக்குறாங்க சார். அது எப்படி எடுத்தீங்க?"

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "டைரக்டர் ரெண்டு பக்கத்துக்கு வசனம் எழுதிட்டு வந்திருந்தார் தம்பி. நான்தான் வேண்டாம்னேன். இத்தனை வாரம் பேசாதவன் இப்ப மட்டும் எதுக்குப் பேசணும்? அன்னிக்கு நிஜமாவே மழை. கோட்டைக் கழட்டி மாட்டினது முழுக்க முழுக்க என் யோசனை."

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! கண்ணாடிக்காரருக்குக் காதில் புகை வந்தது. ஸ்டாண்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சம்சாரம் நாற்காலி நுனிக்கு வந்து, சின்னப் பெண் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"சார், எனக்கு இவ்வளவு வருஷமா ஒரு சந்தேகம். அவர் படியேறி வர்றார், கோட்டைக் கழட்டுறார், மாட்டுறார். அவ ஏன் திரும்பிப் பாக்கல? காதுல ஹெட்போன் இருந்தாலும் சத்தம் கேட்டிருக்காதா?"

பெரியவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "அது வந்தும்மா... அந்தப் பொண்ணுக்கு அன்னிக்குக் கழுத்துப் பிடிப்பு. திரும்ப முடியல" என்றார்.

அவள் முகம் விழுந்துவிட்டது. கண்ணாடிக்காரர் அதைப் பார்த்தார். நெய்யை எடுத்ததையாவது பொறுத்துக்கொள்ளலாம், அதைச் சாக்கடையில் ஊற்றினால்?

"கழுத்துப் பிடிப்பும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல!" என்று ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்து சத்தம் போட்டார். "அவளுக்குத் தெரியும். அவன் படியில காலை வைக்கும்போதே தெரியும். ஆனா லைன்ல யாரோ ஒரு பொம்பள, பிள்ளைக்கு மூச்சு வரலைன்னு ஆம்புலன்ஸ் கேட்டு அழுதிட்டிருக்கா. இவ திரும்பினா அந்த லைன் போயிடும். திரும்பல. ஆஸ்பத்திரிக்கு இணைச்சுட்டுத் திரும்புறா, அதுக்குள்ள அவன் போயிட்டான்."

இந்தப் பதிலை அவர் அதுவரை ஒரு நாளும் யோசித்ததே இல்லை. கேட்டவுடன் வந்தது, அவ்வளவுதான். சம்சாரம் வாயில் கைவைத்து அவரையே பார்த்தாள்.

"மாமா, அது எந்த எபிசோடுல வருது?" என்றான் ஆன்டெனா மெதுவாக.

"எந்த எபிசோடுலயும் வராது. அந்தக் காட்சியே வராது. அன்னிக்கு எங்க தெருவுல கரண்ட் இல்ல, நான் கடைசி எபிசோடைப் பாக்கவே இல்ல. உங்க அக்கா வந்து சொல்லுங்கன்னு நின்னா. நானே கட்டிச் சொன்னேன். கோட்டு, நாற்காலி, மழை எல்லாம் நான் சொன்னது. இவர் நடிக்கல. நான் சொன்னது!"

போன் திரையில் கமெண்டுகள் மளமளவென்று ஏறின. சிரிக்கிற பொம்மைகள், 'மாமாவுக்கு வயித்தெரிச்சல்', 'மாமாவை வெளியே அனுப்புங்க.' ஒரு ஆள்கூட நம்பவில்லை.

நம்பியது ஒரே ஒருவர். பெரியவர் ஆன்டெனாவைப் பார்க்காமல், சம்சாரத்தைப் பார்க்காமல், லைட்டுக்குப் பின்னால் இருட்டில் நின்ற இவரைத் தேடிக் கண்ணைச் சுருக்கினார். "அப்ப நான் அதை நடிக்கலையா?" என்றார். கோபமே இல்லை. வழி தவறிய மனிதர் தெருவில் நின்று கேட்கிற மாதிரி இருந்தது. "எனக்கு ஞாபகம் இருக்கே தம்பி. கை ஈரமா இருந்ததுகூட ஞாபகம் இருக்கே. அப்ப கடைசியில நான் என்னதான் செஞ்சேன்?"

அந்த அறையில் யாருக்கும் அது தெரியாது. உலகத்திலேயே யாருக்கும் தெரியாது போலிருந்தது. கண்ணாடிக்காரர் முப்பது வருஷமாக இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் ஏங்கினார். அது கையில் வந்ததும் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சம்சாரத்தைப் பார்த்தார். அவள் எதையோ பின்னோக்கித் துழாவுகிறவள் மாதிரி இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் காட்சியைத் தான் கண்ணால் பார்க்கவே இல்லை, இவர் சொல்லிக் காதால் கேட்டதுதான் என்பது அவளுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். கழுத்துவரை சிவந்துபோனாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பெரியவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்கதான் சார் நடிச்சீங்க. நான் என் கண்ணால பாத்தேன். எங்க வீட்டுக்காரருக்கு ஆரம்பத்துலேர்ந்தே உங்க மேல பொறாமை. அதான் உளறுறார்."

ஆன்டெனா வெடித்துச் சிரித்தான். பெரியவர் முகத்தில் திரும்ப உயிர் வந்தது. "அதானே பாத்தேன்" என்று தொடையைத் தட்டிக்கொண்டு, மழை எப்படிப் பெய்தது என்பதை விட்ட இடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தார். கண்ணாடிக்காரர் தேள் கொட்டிய திருடனைப் போல நின்றார். பொய் என்று தெரிந்த பிறகும், பெண்டாட்டி தன் கையாலேயே அதை எடுத்து அவனுக்குக் கொடுத்துவிட்டாள்.

வெளிச்சம் முழுக்கப் போவதற்குள் இரண்டு பேரும் தெருவில் இறங்கினார்கள். அவள் முன்னால் நடந்தாள். கடைகளில் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று கடை தாண்டிய பிறகு இவர், "நான் சொன்னத நீ நம்பலையா?" என்றார்.

"நம்பினேன்."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னே?"

"அந்த மனுஷன் மூஞ்சியைப் பாத்தீங்களா இல்லையா?" என்று திரும்பினாள். திரும்பினவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். "நாலு வருஷம்! வராத ஒருத்தருக்காக நாலு வருஷம் நான் வாசலைப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். எனக்குப் பின்னாடி அடுத்த ரூம்ல லென்ஸ் தேய்ச்சுட்டு இருந்திருக்கீங்க. ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா நீ என்கூடப் பேச மாட்டேன்னு பயந்தேன்."

"பேசியிருக்க மாட்டேன்தான். ரெண்டு நாள் பேசியிருக்க மாட்டேன். அதுக்குப் போய் நாலு வருஷமா?" புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். இவர் பின்னாலேயே போனார். மெயின் ரோட்டைக் கடக்க இரண்டு பேரும் நின்றபோது, வண்டிகளைப் பார்த்துக்கொண்டே அவள் கேட்டாள்:

"அப்புறம் அவர் எங்க போனார்?"

"யாரு? டாக்சி பிடிச்சுதான் போவார்."

"அவர் இல்ல. கோட்டை வச்சுட்டு மழையில இறங்கிப் போனாரே, அவர். அப்புறம் என்ன ஆனார்? நீங்கதானே சொல்லணும்?"

இப்போதும் 'அவர்', 'போனார்', 'ஆனார்'. எழுதினவன் பக்கத்தில் நிற்கிறான், மரியாதை மட்டும் அங்கே போகிறது. அவனை ரயிலேற்றியிருக்கலாம். பத்து வருஷம் கழித்துத் திரும்ப வரவழைத்திருக்கலாம். கண்ணாடிக்காரருக்கு எதுவும் தோன்றவில்லை, வயிறுதான் எரிந்தது.

"பஸ் ஸ்டாப் வரைக்கும் போனான். பஸ் வரல. தொப்பலா நனைஞ்சான். ஜுரம் கண்டுச்சு. செத்துட்டான்."

"செத்துட்டாரா?"

"செத்துட்டான்."

அவள் வாயைப் பிளந்து அவரைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். ரோட்டோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். "அடப்பாவி மனுஷா, ஒரு நல்ல ஆளை அநியாயமாக் கொன்னுட்டீங்களே!" என்று அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். கண்ணாடிக்காரருக்கு அந்த அடி இதமாக இருந்தது. இவ்வளவு வருஷத்துக்குப் பிறகு ஆள் ஒழிந்தான்.

ரோடு காலியாயிற்று. கடக்காமல் அவள் இன்னும் நின்றாள். சிரிப்பு மெதுவாக அடங்கி, கண்ணில் தண்ணீர் மட்டும் மிச்சம் இருந்தது.

"பாவம்" என்றாள். "கடைசி நேரத்துல அவளை நினைச்சிருப்பாரா?"

செத்தும் விடமாட்டான் போலிருக்கிறதே பாவி என்று இவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவள் பதிலுக்குக் காத்திருந்தாள், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்குப் பையை வைக்காமல் காத்திருந்த மாதிரியே. இதை வேறு யாரிடமும் போய் அவளால் கேட்க முடியாது.

"நினைச்சான், நினைச்சான்" என்றார் கண்ணாடிக்காரர் எரிச்சலோடு. "இருமலுக்கு நடுவுல நினைச்சான். நீ ரோட்டைப் பாத்து வா."